விஷ்ராந்த்வாடிக் கிளையும் ஆகுர்டி அண்ணனும்

1

வார்டு அலுவலகத்தில் அந்தப் பொறியாளர் அம்மாள் எங்கள் மனுவை முதல் பக்கத்திலிருந்து படிக்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே கையெழுத்துகள், அவற்றுக்கு எதிரே முகவரிகள். ஒரு கையில் தேநீர்க் குவளை இருக்க, மறு கையின் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. இறங்க இறங்க அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி பரவியது. அரசு அலுவலகத்தில் அந்த மகிழ்ச்சியைப் பார்த்துவிட்டால் நம் வேலை நடக்காது என்று பொருள்.

“இதில் அந்த ரோட்டில் குடியிருப்பவர் யார்?” என்று மராத்தியில் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். ஐம்பது வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

“அப்புறம்?”

அப்புறம் யாரும் இல்லை. என் பக்கத்தில் நின்ற சண்முகவேல் அண்ணன் மின்விசிறியைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“ஹிஞ்சவடி, கராடி, வாகட்… இது யார், ஆகுர்டி? ஆகுர்டி எங்கள் மாநகராட்சியே கிடையாது சாகேப். அது பிம்ப்ரி-சிஞ்ச்வட். நாளைக்கு சென்னையிலிருந்தும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவீர்கள் போல.”

சென்னை இல்லை, திருச்சி என்று திருத்த வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

விஷயம் பெரியதில்லை. எங்கள் தெரு ஆளந்தி ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு பாதாளச் சாக்கடை மூடி இருக்கிறது. இங்கே அதைச் ‘சேம்பர்’ என்பார்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயர்ந்துகொண்டே போகும், சேம்பர் மட்டும் பிறந்த இடத்திலேயே இருக்கும். இப்போது அது ரோட்டை விட ஒரு சாண் கீழே. காரில் போகிறவருக்கு அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். இருசக்கர வண்டியில் போகிறவருக்கு மழைக்காலத்தில் அது தண்ணீர் நிரம்பிய தட்டையான தரை. முன்சக்கரம் இறங்கியபிறகுதான் தரை இல்லை என்று தெரியும்.

இது மாதிரி விஷயங்களுக்காகவே இருசக்கர வண்டிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் தன்னார்வ அமைப்பு ஒன்று புனேயில் உண்டு. அதன் விஷ்ராந்த்வாடிக் கிளைக்கு நான் அமைப்பாளர். அந்தக் கிளையில் விஷ்ராந்த்வாடிக்காரர் நான் ஒருவன்தான் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மாளின் விரல் நகரும் வரை எனக்கு உறைக்கவில்லை.

2

எப்படி உறைக்காமல் போனது என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்குவது கடினம். வெளியூரில் இருக்கும் தமிழர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

நான்கு வருடங்களுக்கு முன்னால் அமைப்பின் தலைவர் குல்கர்ணி (ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பழைய ஸ்கூட்டர், அதைவிடப் பழைய கோபம்) என்னிடம், “உங்கள் பக்கத்தில் நமக்குக் கிளை இல்லை. ஆள் சேருங்கள்” என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்தேன். ஆள் சேர்ப்பது என்றால் என்ன செய்வது? கையில் ஒரு தமிழ் வாட்ஸப் குழு இருந்தது. அதில் போட்டேன். அடுத்த ஞாயிறு காலை எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஒரு டஜனுக்கு மேல் பைக்குகள் நின்றன. நான் பிறவித் தலைவன் என்று அன்று முடிவு செய்தேன்.

ஊரின் நான்கு மூலைகளிலிருந்தும் வந்தார்கள். கூட்டத்துக்கு வந்து திரும்புகிற நேரம் கூட்டத்தைவிட நீளமாக இருந்தது. சாலைப் பிரச்சினைகளைப் பத்து நிமிடம் விவாதிப்போம். பிறகு யாராவது கொண்டுவந்த தேங்காய்ச் சட்னியைப் பற்றி விரிவாக விவாதிப்போம். தீர்மானங்கள் தமிழில். வசவுகள் தமிழில். குல்கர்ணிக்கு மாதா மாதம் நான் அனுப்பும் அறிக்கை மட்டும் ஆங்கிலத்தில். அதில் சட்னி இடம்பெறாது.

எல்லோருக்கும் முன்னால் வருகிறவர் சண்முகவேல் அண்ணன். பொள்ளாச்சிப் பக்கம். போசரியில் பல்சக்கரம் வெட்டும் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி கோயம்புத்தூர் போனார். படிப்பு முடிந்தது, கல்யாணங்கள் முடிந்தன, பேரக்குழந்தை வந்தது. அண்ணன் மட்டும் ஆகுர்டியில் ஒற்றை அறையில், ஓய்வு பெறும் வயதை எதிர்பார்த்து. வாரம் ஆறு நாள் மராத்தி, இந்தி, இயந்திரம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆகுர்டியிலிருந்து எங்கள் பார்க்கிங் வரை பைக். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

“இத்தனை தூரம் வர்றீங்களேண்ணே, போசரிக் கிளை உங்க கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருக்கே” என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன்.

“அங்கயும் பேசறது ரோட்டப் பத்தித்தானுங்க தம்பி” என்றார். “ரோட்டப் பத்திப் பேசோணும்னா கம்பெனியிலயே பேசிக்கலாமுங்க.”

அப்போது சிரித்தேன். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

3

மனு திரும்பி வந்த கதை குல்கர்ணிக்குப் போய்ச் சேர அரை நாள்தான் ஆனது. தொலைபேசினார். புனேக்காரர்களுக்கு வணக்கம் சொல்லி நேரத்தை வீணாக்கும் பழக்கம் கிடையாது.

“இது கிளை இல்லை. கூரியர் ஆபீஸ். எல்லா ஊரிலிருந்தும் பார்சல் வந்து இறங்குகிறது.”

“சார், எண்ணிக்கையில் நாங்கள்தான்…”

“போசரியில் உங்களில் பாதிப் பேர்கூட இல்லை. ஆனால் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் அந்த விளக்குக்குக் கீழே வீடு இருக்கிறவனே போய் நிற்கிறான். அவனை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. உங்களை அனுப்பலாம். அனுப்பிவிட்டார்கள்.”

பிறகு நிபந்தனைகள். மழை தொடங்குவதற்குள் என் தெருவில், என் வட்டாரத்தில் உறுப்பினர் சேர்க்கவேண்டும். வேறு பகுதியில் வீடு இருப்பவர்கள் அந்தந்தப் பகுதிக் கிளைக்கு மாற்றப்படுவார்கள். முடியாவிட்டால் விஷ்ராந்த்வாடிக் கிளை கலைக்கப்படும். இதற்கு மேல் ஒன்று: எல்லாக் கிளைகளும் ஞாயிறு காலை ஒரே நேரத்தில் கூடவேண்டும் என்பது எங்கள் விதி. ஒருவரே நாலு கிளையில் போய் நின்று நாலு கிளையும் வலுவாக இருப்பதுபோல் காட்டிவிடக் கூடாதே என்பதற்காக வைத்தது. நல்ல விதிதான். அதை வைத்த குழுவில் நானும் இருந்து தலையாட்டியிருக்கிறேன்.

ஆகக் கணக்கு எளியது. கிளையைக் காப்பாற்றினால் சண்முகவேல் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமையை வைத்தால் கிளை இல்லை, சேம்பர் இருக்கும். மற்றவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கராடிக்காரருக்கு அங்கேயே ஐந்து தமிழ்க் குடும்பங்கள், ஹிஞ்சவடியில் தடுக்கி விழுந்தால் தமிழர். ஆகுர்டி அண்ணன்தான் தொண்டையில் நின்றார்.

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு, இன்னொரு ஞாயிறு, சட்னி, கார வகைகள். அவர் வண்டியைத் துடைத்து, கடைசியாகக் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருச்சியில் எங்கள் தெருமுனையில் ஒரு குழி விழுந்தால் அன்று மாலைக்குள் யாரோ ஒருவர் அதில் முருங்கைக் கிளையை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருப்பார். அதை இங்கே இளைஞர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துணியைக் கட்டியது யார் என்று எனக்கு ஒருபோதும் தெரியாது என்பதைச் சொன்னதில்லை. அங்கேயும் நான் அதைச் சுற்றிக்கொண்டு போனவன்தான். எனக்குத் தெருக்காரர்களைத் தெரியாமல் போனது ஊர் மாறியதால் அல்ல.

4

பதினோரு வருடமாகக் குடியிருக்கும் தெருவில் முதன்முறையாக மணியடிக்கப் போகும் மனிதனுக்குத் துணை தேவை. என் மகள் அனுவை அழைத்துக்கொண்டேன். புனேயிலேயே பிறந்தவள், பொறியியல் கடைசி வருடம். அவள் மராத்தி பேசினால் காய்கறிக்காரர் விலையைக் குறைப்பார். அவள் தமிழ் பேசினால் என் அம்மா தொலைபேசியை என் மனைவியிடம் கொடுக்கச் சொல்வார்.

என் மராத்தி வேறு ரகம். வீட்டு வேலைக்கு வந்த அம்மாளிடமும் காய்கறி விற்கும் பெண்களிடமும் கேட்டுக் கேட்டுப் படிந்தது. மராத்தியில் ‘நான் வந்தேன்’ என்பதற்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, நான் அதைப் பெண்கள் சொல்வதுபோலவே சொல்லிவந்திருக்கிறேன். இத்தனை வருடமும் யாரும் திருத்தவில்லை. அன்று படிக்கட்டில்தான் அனு சொன்னாள்.

“முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“க்யூட்டா இருந்துச்சு அப்பா.”

முதல் கதவு எங்களுக்கு நேர் கீழே. வைஷாலி தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா. சப்பாத்தியும் காயும் கட்டி அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அவர் ஸ்கூட்டரில் எப்போதும் டிபன் பைகள் இரு பக்கமும் தொங்கும். கதவைத் திறந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“மாடி வீடு. தினம் காலையில் குக்கர் விசில் ஆறு. விசிலைத் தெரியும், ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.”

சேம்பரைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்குள் சேலையைச் சற்று உயர்த்தி முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினார். “போன மழையில். இருபது டிபனும் சாக்கடையில். ரோட்டில் உட்கார்ந்திருந்தேன், உங்கள் வீட்டு பால்கனியில் விளக்கு எரிந்தது. மேலே பைக்காரர்களுக்குச் சங்கம் நடத்துகிற ஆள் இருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் டிபனை உங்கள் தலையில் எறிந்திருப்பேன்.”

அனு சிரித்தாள். நான் சிரிக்கலாமா என்று யோசித்தேன்.

“மீட்டிங் எந்த பாஷையில்?” என்றார் தாயி.

நான் வாயைத் திறப்பதற்குள் அனு, “மராத்தி” என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சண்டை. “என்னைக் கேக்காம எப்படிச் சொன்னே?”

“வேற என்ன சொல்றது? தாயிக்குத் தமிழ் வருமா?” கொஞ்சம் நிறுத்தி வார்த்தை தேடினாள். “நீ ரோடு சரி பண்ணணுமா, இல்ல… ஃப்ரெண்ட்ஸ் வச்சுக்கணுமா? ரெண்டும் ஓகே அப்பா. ஆனா பேரு ஒண்ணு போட்டுட்டு இன்னொண்ணு பண்ணாதே.”

“அப்போ சண்முகவேல் மாமா?” என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். மாமாவை அவளுக்குப் பிடிக்கும். சைக்கிளிலிருந்து கியர் வண்டிக்கு அவளை ஏற்றியவரே அவர்தான். “மாமாகிட்ட நீ பேசிட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

5

வைஷாலி தாயி ஒரு வாரத்தில் செய்ததை நான் நான்கு வருடத்தில் செய்யவில்லை. இரண்டு குடியிருப்புகள், பின்னால் இருக்கும் வரிசை வீடுகள், பஞ்சர் கடை, மருந்துக் கடை. ஞாயிறு காலை எங்கள் பார்க்கிங்கில் வண்டி நிறுத்த இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் நடந்தே வந்துவிட்டார்கள், அவ்வளவு பக்கத்து வீடு. குல்கர்ணியும் வந்தார். தமிழர்களில் நான்கைந்து பேர் ஓரமாக. அண்ணன் வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலி விரித்துப்போட்டிருந்தார். கூட்டம் மராத்தி என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். மற்றதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த ‘நேரில்’ குல்கர்ணி எழுந்து நிற்கும் வரை வரவில்லை.

குல்கர்ணி மாற்றல் விதியை வாசித்தார். யார் யார் எந்தக் கிளைக்கு என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்து, “சண்முகவேல், ஆகுர்டி” என்றார்.

அண்ணன் எழுந்தார். அவர் மராத்தியில் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. எங்கள் கூட்டத்தில் அதற்கு வாய்ப்பு எங்கே? தொழிற்சாலைத் தளத்தில் உரத்துப் பேசிப் பழகிய, வழுக்கலில்லாத மராத்தி. வீடு இருக்கிற இடத்தில் வேலை செய்வதுதான் முறை, மறுக்க ஒன்றும் இல்லை என்றார். சேம்பர் விஷயத்தில் மனுவை மட்டும் நம்பாதீர்கள், ரோடு போடும் ஒப்பந்ததாரரின் ஆட்கள் வரும் அன்று தெருவே நின்று கேளுங்கள் என்றார். தாயி கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மாற்றலுக்குக் கை தூக்கச் சொன்னபோது அண்ணனும் தூக்கினார். நானும் தூக்கினேன். அமைப்பாளர் தூக்காமல் இருக்க முடியாது.

கூட்டம் முடிந்து போஹே, அதாவது அவல் உப்புமா, தட்டுகளில் சுற்றி வந்தது. அண்ணன் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். வண்டியைத் துடைக்காமல் ஏறி உட்கார்ந்தார்.

“அண்ணே, நான் முன்னாடியே…”

“விடுங்க தம்பி. என்னமோ சொல்லப்போறாப்பலதான் வாராவாரம் மூஞ்சிய வெச்சுட்டு நின்னீங்க. எனக்குத் தெரியாதுங்களா?”

“ஆகுர்டிக் கிளை நல்ல கிளைண்ணே.”

“இருக்கட்டுமுங்க. குழி அங்கயும் இருக்குது.”

அனு ஓடி வந்து, “மாமா, நெக்ஸ்ட் வீக்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அண்ணன் அவள் தலைக்கவசத்தின் வாரை இழுத்துப் பார்த்து, தளர்வாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

6

சேம்பர் உயர்ந்துவிட்டது. முதல் மழைக்கு முன்பே. ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்த அன்று வைஷாலி தாயி டிபன்களை இன்னொருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, சேம்பர் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தெருவே நின்றது. மூடி ரோட்டோடு சமமாக ஏறி உட்காரும் வரை ஒருவரும் நகரவில்லை. நானும் நின்றேன். ‘நான் வந்தேன்’ என்று ஆண்பாலில் சரியாகச் சொன்னேன், சிலருக்கு வருத்தம்.

எல்லாக் கிளைகளின் கூட்டத்தில் குல்கர்ணி எங்களை மேடையேற்றினார். வலுவான கிளையை எப்படிக் கட்டுவது என்று மற்றவர்களுக்குப் பேசச் சொன்னார். பேசினேன். நன்றாகவே பேசினேன். இறங்கி வந்து உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலியில் ஆகுர்டிக் கிளையின் அமைப்பாளர். சண்முகவேல் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“யார்?”

சொன்னேன்.

“பெயர் வந்தது. ஆள் வரவில்லை.”

அண்ணனுக்குப் போன் செய்தேன். “போறேனுங்க தம்பி, வர்ற வாரம்” என்றார். அடுத்த முறை கேட்டபோதும் வர்ற வாரம் என்றார். நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை சொல்லாமல் கிளம்பி ஆகுர்டி போனேன். அவர் கட்டடத்தின் கீழே, வண்டி எப்போதும் நிற்கும் தூண் பக்கத்தில் யாருடைய சைக்கிளோ நின்றது. மேலே போனேன். கைலியோடு கதவைத் திறந்தவர் கொஞ்சம் திகைத்து, உடனே தேநீர் வைக்கப் போய்விட்டார்.

“வண்டி எங்கண்ணே? சர்வீஸா?”

“குடுத்துட்டனுங்க. கம்பெனியில ஒருத்தர் கேட்டுட்டே இருந்தாரு.”

“எதுக்கு?”

“கம்பெனி பஸ்சு வாசலுக்கே வருது. மளிகைக்கடை கீழயே இருக்குது.” அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஞாயித்துக்கெழமைக்குத்தானுங்களே வண்டி.”

தேநீர் குடித்தோம். சேம்பர் கதையைச் சொல்லச் சொன்னார். தாயி நாற்காலி போட்டு உட்கார்ந்ததைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“ஆகுர்டிக் கூட்டத்துக்கு நடந்தாவது போயிருக்கலாமே.”

“வண்டி இருக்கறவங்கதான உறுப்பினரு? உங்க விதிதானுங்களே” என்றார், குறையாக இல்லை. விதிகள் அவருக்கு மனப்பாடம்.

நான் திரும்பி வரும் வழியெல்லாம் குல்கர்ணிக்கு ஒரு வாதத்தைத் தயாரித்துக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் உட்கார்கிறவரும் விழத்தானே செய்கிறார், அவரும் உறுப்பினர்தான் என்று. நல்ல வாதம். ஆனால் அது வென்றாலும் அண்ணன் ஆகுர்டிக் கிளைக்காரர்தான், ஞாயிறு காலை ஒரே நேரம்தான். நான் மேடையில் புகழ்ந்த ஏற்பாடு அது. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஓட்டை இல்லாமல் இருந்தது.

போன ஞாயிறு கூட்ட நேரத்துக்கு நான் மீண்டும் ஆகுர்டியில் இருந்தேன். கீழே நின்று ஹாரன் அடித்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“இன்னிக்கு மீட்டிங் இல்லீங்களா?”

“இருக்குண்ணே.”

கொஞ்ச நேரத்தில் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அதை மட்டும் விற்கவில்லையாம், இன்னொருத்தர் தலைக்குச் சேராது என்றார். பின்சீட்டில் உட்கார்ந்தார். எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை. போசரி வரை போய், ஞாயிறு என்பதால் மூடிக்கிடந்த தொழிற்சாலைகளின் வாசல்களைச் சுற்றி, ஒரு டீக்கடையில் நின்று, வழியெல்லாம் பேசிக்கொண்டே திரும்பினோம். ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பார்க்கிங்கில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் அனு. கூட்டம் நன்றாக நடந்ததாம். அடுத்து மருந்துக் கடை முனையில் வேகத்தடைக்கு வெள்ளை வண்ணம் அடிக்கச் சொல்லி மனு. எல்லாக் கையெழுத்தும் அதே தெருவிலிருந்து.

“நான் வரலைன்னு யாராவது கேட்டாங்களா?” என்றேன்.

அவள் கையிலிருந்த நாற்காலியை அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனாள். தமிழில் வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.